தீபாவளி விடுமுறையில் பூட்டப்பட்ட சம்பளக் கணக்கு: பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், கடைவரிசை ஒன்றின் இரண்டாவது மாடியில் இருக்கும் சிறிய கணக்கு அலுவலகம் அது. மொத்தம் 11 பேர். வாழையிலை உணவகங்கள், முடிதிருத்தகங்கள், துணிக்கடைகள், இரண்டு லாரி கம்பெனிகள், ஒரு பாதுகாவலர் நிறுவனம் என்று 43 முதலாளிகளுக்கு மாதாமாதம் சம்பளக் கணக்குப் போட்டு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), வருமான வரிப் பிடித்தம் எல்லாவற்றையும் கட்டிக் கொடுக்கிறார்கள். நான் அங்கே ஊழியன் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொடர்பாகச் சிறு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்பவன். உரிமையாளரின் சம்மதத்தோடு, யாருடைய அடையாளமும் தெரியாதபடி இதை எழுதுகிறேன்.

நடந்தது புரிய, அதற்கு முன்பே அந்த அலுவலகத்தில் இருந்த சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. அவசரத்துக்கு ரூட்டரில் ஒரு வாசலைத் திறந்து, அலுவலக சர்வரை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக யாரும் எங்கிருந்தும் திறக்கும்படி வைத்தார்கள். கட்டுப்பாடு முடிந்தது, எல்லோரும் அலுவலகம் திரும்பினார்கள், வாசல் மட்டும் திறந்தே கிடந்தது. 2022-இல் வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கும் அப்படியே உயிரோடு இருந்தது. பாஸ்வேர்ட் மட்டும் போதும், இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. பேக்கப் இருந்தது. ஆனால் அது சர்வரின் பின்னால் எப்போதும் செருகியே இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்.

இன்னொன்று, 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் கட்டாயமானது. முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. அதற்காக அந்த மாதம் நூற்றுக்கணக்கான பாஸ்போர்ட் நகல்கள் வந்து குவிந்தன. பெரும்பாலும் வாட்ஸ்அப்பில், ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளுக்கு. அங்கிருந்து அவை சர்வருக்குப் போயின.

முதலாளிகளுடன் எழுத்தில் இருந்த உடன்பாடு ஒரு பக்க விலைப்பட்டியல் மட்டுமே. தரவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

புதன்கிழமை காலை

தீபாவளி 2025 அக்டோபர் 20, திங்கள்கிழமை. வெள்ளி மாலை பூட்டிய அலுவலகம் 22-ஆம் தேதி புதன்கிழமைதான் திறந்தது. காலை 8.40-க்கு மூத்த கணக்காளர் கணினியைப் போட்டார். சம்பள மென்பொருள் திறக்கவில்லை. கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்ன உரைக்கோப்பு: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், நகலும் எடுத்துவிட்டோம், 3 நாளுக்குள் தொடர்பு கொள்ளுங்கள்.

அவர் அதை ‘வைரஸ்’ என்று நினைத்தார். வழக்கமாகக் கணினி பழுது பார்ப்பவரை அழைத்தார். 9.30-க்கு வந்தவர் தனக்குத் தெரிந்ததைச் சுறுசுறுப்பாகச் செய்தார். இரண்டு கணினிகளை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். இணையம் மெதுவாக இருப்பதாகத் தோன்றியதால் ரூட்டரையும் ரீசெட் செய்தார். சர்வரில் கை வைக்கும்போது அவருக்கே தயக்கம் வந்தது. அப்போதுதான் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். மணி 11.50.

“சர்வரை ஆஃப் பண்ணாதீங்க அண்ணே. நெட்வொர்க் கேபிளை மட்டும் கழட்டுங்க. இனிமே யாரும் எதையும் அழிக்க வேண்டாம்” என்றேன்.

பழுது பார்த்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை அழைத்தது கணினியை ஓட வைக்க, அதைத்தான் செய்தார். இது ஒரு குற்றம் நடந்த இடம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவர்களுக்கே அது தெரியாது. ஆனால் அந்தக் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரத்தில் அழிந்ததுதான் பின்னால் நாங்கள் எடுத்த எல்லா முடிவுகளையும் கனமாக்கியது.

சர்வரில் என்ன தெரிந்தது

அன்று மதியமே, ஆய்வுத் துறையில் அனுபவமுள்ள ஒரு நண்பரை வரவழைத்தோம். சர்வர் வட்டின் முழு நகலை முதலில் எடுத்து, அந்த நகலில் மட்டுமே வேலை பார்த்தார்.

விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேடு பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். எங்களுக்குக் கிடைத்தது அக்டோபர் 9 முதல். அந்த நாளிலிருந்து ஆயிரக்கணக்கான தவறான நுழைவு முயற்சிகள், இரவும் பகலும். 19-ஆம் தேதி ஞாயிறு அதிகாலை 2.13-க்கு ஒரு நுழைவு வெற்றி. 2022-இல் விலகியவரின் கணக்கு. கோப்புகள் பூட்டப்பட்டது 21-ஆம் தேதி செவ்வாய் அதிகாலை. செருகியிருந்த பேக்கப் டிஸ்கும் அதே நேரத்தில் பூட்டப்பட்டது.

அப்படியென்றால் வந்தவர்கள் இரண்டு நாள் உள்ளே இருந்திருக்கிறார்கள். ஊரே விளக்கேற்றிக்கொண்டிருந்த நேரம், கேட்க ஆள் இல்லை. இத்தகைய கும்பல்கள் நீண்ட விடுமுறைகளைப் பார்த்துத் தாக்குவது உலகெங்கும் தெரிந்த விஷயம்.

சர்வரில் ஆர்குளோன் என்ற நிரல் கிடந்தது. அது திருட்டுக் கருவி இல்லை, பெரிய கோப்புகளை இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பப் பலரும் பயன்படுத்துவது. ஆனால் அந்த அலுவலகத்தில் யாரும் அதை ஏற்றியதில்லை. நகல் எடுத்தோம் என்று குறிப்பில் எழுதியிருந்தது வெற்று மிரட்டலாக இருக்க முடியாது என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது.

எவ்வளவு வெளியே போனது? 200 கோப்பா, மொத்தமுமா? அந்தச் சாதாரண ரூட்டரில் விரிவான பதிவு இருந்திருக்காது. ஆனால் அந்த இரண்டு நாளில் எத்தனை ஜிகாபைட் வெளியேறியது என்ற எண்ணாவது இருந்திருக்கும். புதன் காலை ரீசெட் செய்தபோது அது பூஜ்ஜியமாகிவிட்டது. ஃபார்மட் செய்த இரண்டு கணினிகளில் திருடர்கள் நுழைந்தார்களா என்பதையும் இனி யாராலும் சொல்ல முடியாது.

எது போகவில்லை என்று காட்ட முடியாதபோது எல்லாம் போனதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று மாலை நாங்கள் எடுத்த அடிப்படை முடிவு அதுதான். உரிமையாளர் இதை ஏற்கச் சிரமப்பட்டார். “போகாததையும் போச்சுன்னு நாமே சொல்லணுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் போகவில்லை என்று சொல்ல அவர் கையில் ஆதாரம் இல்லை.

கப்பம் கட்டுவதா

பூட்டைத் திறக்கப் பணம் கட்டிவிடலாம் என்பதுதான் உரிமையாளரின் முதல் எண்ணம். மாதக் கடைசி நெருங்குகிறது, 43 இடங்களில் சம்பளம் போக வேண்டும். நான் சொன்னது இரண்டு காரணம். பணம் வாங்கியபின் சாவி தருவார்கள், தந்த சாவி வேலை செய்யும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதோடு, எடுத்துப்போன நகலை அழித்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னாலும் கசிவு கசிவுதான், சட்டப்படி தெரிவிக்கும் கடமை ஒரு மணி நேரம்கூடக் குறையாது. கட்டவில்லை. தொடர்பும் கொள்ளவில்லை. காவல் நிலையத்தில் புகார் செய்தோம். அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்கும் தெரிவித்தோம்.

72 மணி நேரம், 43 முதலாளிகள்

இந்த நிகழ்வில் மற்றவர்களுக்கு அதிகம் உதவக்கூடிய பகுதி இது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. திருத்தங்கள் 2025-இல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தன. 2025 ஜூன் 1 முதல், கணிசமான தீங்கு நேரக்கூடிய அல்லது 1,000 பேருக்கு மேல் பாதிக்கும் கசிவு நடந்தால் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்குக் கணிசமான தீங்கு நேரக்கூடும் என்றால், ஆணையருக்குச் சொன்னதிலிருந்து 7 நாளுக்குள் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஆணையருக்குச் சொல்லாமல் விட்டால் 2,50,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தெரிவிக்க வேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல். சட்டத்தின் பார்வையில் தொழிலாளியின் தரவுக்குக் கட்டுப்பாட்டாளர் அவருடைய முதலாளி. கணக்கு அலுவலகம் அந்த முதலாளிக்காகத் தரவைச் செயலாக்கித் தருவது மட்டுமே. 2025 ஏப்ரல் 1 முதல் செயலாக்குபவருக்கும் பாதுகாப்புக் கடமை நேரடியாக உண்டு. ஆனால் கசிவைத் தெரிவிக்கும் கடமை கட்டுப்பாட்டாளருடையது. அதாவது, 12 பேரை வைத்து உணவகம் நடத்தும் ஒரு முதலாளி, தான் பார்த்தே இராத ஒரு சர்வரில் நடந்த திருட்டைப் பற்றி, தான் கேள்வியே பட்டிராத ஒரு சட்டத்தின் கீழ், ஆணையர் இருக்கும் புத்ராஜெயாவுக்கு எழுத வேண்டும். 43 பேரும் தனித்தனியாக.

கடிகாரம் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்ற வாதத்தில் நாங்கள் இறங்கவில்லை. முதலாளிகளுக்கு நாங்கள் சொன்ன நேரத்திலிருந்து எண்ணலாம் என்று வாதாடியிருக்கலாம். கடுமையான கணக்கையே எடுத்தோம்: புதன் காலை 8.40 முதல் சனி காலை 8.40 வரை.

புதன் இரவே 43 பேருக்கும் தொலைபேசியில் சொன்னோம். வியாழன் காலை எழுத்தில் கொடுத்தோம். எல்லோருக்கும் பொதுவான தகவல்களை அலுவலகமே எழுதி நிரப்பி, அந்தந்த முதலாளி தன் தொழிலாளர் எண்ணிக்கையைப் பார்த்துக் கையொப்பமிட்டு அனுப்பும்படி படிவத்தைத் தயாராகக் கொடுத்தோம்.

மறுப்பு வந்தது. அதிகம் கேட்டது: “என்கிட்ட 12 பேர்தான். ஆயிரம் பேருக்கு மேல போனாத்தானே சொல்லணும்?” யாரோ அவர்களுக்கு அரைகுறையாகச் சொல்லியிருந்தார்கள். 1,000 பேருக்கு மேல் என்பது தெரிவிப்பதற்கான ஒரு காரணம் மட்டுமே. அடையாள அட்டை எண், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எண், சம்பளம் எல்லாம் ஒன்றாகப் போயிருந்தால் ஆள்மாறாட்டத்துக்கு அது போதும். 12 பேர் என்றாலும் தெரிவிக்கத்தான் வேண்டும். உணவகக்காரர் ஒருவர் மூத்த கணக்காளரிடம், “அக்கா, உங்க வீட்டுல திருடன் வந்தான், நான் ஏன் போலீஸ்ல சொல்லணும்?” என்றார். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: “நகை உங்க பிள்ளைங்களோடது, தம்பி. நாங்க பெட்டியில வச்சிருந்தோம்.” இதைவிடத் தெளிவாகச் சட்டத்தை நான் விளக்கியிருக்க முடியாது.

இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024-இன்படி 6 மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டாமா என்றும் ஒருவர் கேட்டார். அது தேசிய முக்கியத் தகவல் கட்டமைப்பாக அறிவிக்கப்பட்ட நிறுவனங்களுக்கு. இவர்களில் யாரும் அதில் இல்லை.

சனி காலைக்குள் 36 பேர் அனுப்பினார்கள். 5 பேர் தாமதமாக, தாமதத்துக்கான காரணத்தை எழுதி அனுப்பினார்கள். 2 பேர் அனுப்பவே இல்லை. அலுவலகம் தன் சொந்த ஊழியர்களின் தரவுக்காகத் தனியாக அனுப்பியது.

இருக்கவே கூடாத கோப்புகள்

நடப்பில் கணக்கு ஓடும் தொழிலாளர்கள் 1,386 பேர். சர்வர் நகலை எண்ணிப் பார்த்தபோது அதில் இருந்தது 6,112 பேரின் தரவு. மிச்சம் 4,726 பேர் வேலையை விட்டுப் போனவர்கள், அல்லது எப்போதோ விலகிய முதலாளிகளிடம் இருந்தவர்கள். 2012-இல் ஒரு கடையில் மூன்று மாதம் வேலை செய்த பெண்ணின் அடையாள அட்டை நகல்கூட இருந்தது.

தொழிலாளர் பதிவேட்டை 6 ஆண்டு வைத்திருக்க வேலைச் சட்டம் சொல்கிறது. வரிக் கணக்குக்கு 7 ஆண்டு. அதற்கு மேல் வைத்திருக்க இந்த அலுவலகத்துக்கு ஒரு காரணமும் இல்லை. தேவை முடிந்த தரவை வைத்திருக்கக் கூடாது என்பது 2013-இல் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்தே இருக்கும் விதி. யாரும் கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கவில்லை, அழிப்பது யார் வேலை என்று யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த 4,726 பேரில் பலருக்கு இன்றைய தொலைபேசி எண்ணே இல்லை. அவர்களுடைய முதலாளிகளில் சிலர் கடையை மூடிவிட்டார்கள். தேட முடிந்தவர்களைத் தேடினோம். கிடைத்தவர்கள் 1,900 பேருக்கும் குறைவு. மற்றவர்களுக்கு இது நடந்ததே தெரியாது. எனக்கு இன்றும் உறுத்துவது இதுதான்.

சம்பளம்

சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் போக வேண்டும். நவம்பர் 7 கெடு. மென்பொருளும் இல்லை, பேக்கப்பும் இல்லை. மூத்த கணக்காளர்தான் வழி கண்டார். செப்டம்பர் மாதச் சந்தாப் பட்டியல் இபிஎஃப்பின் முதலாளி இணையக் கணக்கில் இருக்கிறது. சொக்சோவின் அசிஸ்ட் தளத்திலும் இருக்கிறது. வங்கிக்கு அனுப்பிய மொத்தப் பணப்பரிமாற்றப் பட்டியல் வங்கித் தளத்தில் இருக்கிறது. மூன்றையும் புதிய கணினியில் இறக்கிச் சேர்த்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செப்டம்பர் இபிஎஃப் பட்டியலில் இல்லை. ஆனால் 2019 முதலே சொக்சோவில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலையும் தொழிலாளர்கள் கையில் இருந்த சம்பளச் சீட்டுகளையும் வைத்து முடித்தார்கள். நவம்பர் 5-க்குள் எல்லோருக்கும் சம்பளம் போனது.

தொழிலாளர்களுக்குச் சொன்னது

கடிதத்தை முதலில் நான்தான் எழுதினேன். “தங்களது தனிநபர் தரவு அங்கீகாரமற்ற அணுகலுக்கு உட்பட்டிருக்கக்கூடும்” என்று தொடங்கியது. மூத்த கணக்காளர் படித்துவிட்டு, “இதை எங்க மாஸ்டர் யாரும் ரெண்டாவது வரி வரைக்கும் படிக்க மாட்டாங்க சார்” என்று திருப்பித் தந்தார். அவர் எழுதியது இப்படி: “உங்கள் பாஸ்போர்ட் நகலும் பேங்க் எண்ணும் திருட்டுப் போயிருக்கலாம். இபிஎஃப்பிலிருந்து, பேங்கிலிருந்து என்று சொல்லி யாராவது கூப்பிட்டால் டேக் எண்ணைச் சொல்லாதீர்கள். சொல்லிப் பணம் போய்விட்டால் உடனே 997-க்குக் கூப்பிடுங்கள்.” (டேக் எண் என்பது வங்கி கைப்பேசிக்கு அனுப்பும் ஒருமுறைக் குறியீடு, 997 தேசிய மோசடிப் புகார் எண்.) கீழே தமிழில் பேசும் ஓர் எண். அதுவே போனது. மலாயிலும் வங்காளத்திலும், பாதுகாவலர்களுக்காக நேப்பாளியிலும் மொழிபெயர்த்தோம்.

கடிதங்களை முதலாளிகள் வழியாகக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். தொழிலாளர் எண்களில் பாதி பழையவை, முதலாளி கையில் கொடுத்தால் சேரும் என்பது காரணம். அந்த முடிவு தவறு.

அந்த ஒரு வாரத்தில் 140-க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. ராமநாதபுரத்திலிருந்து வந்து உணவகத்தில் வேலை செய்யும் ஒருவர், “அக்கா, பாஸ்போர்ட்டுல ஊர் அட்ரஸ் இருக்கே, வீட்டுக்கு யாராவது போவாங்களா? அம்மா தனியா இருக்காங்க” என்று கேட்டார். வங்கிக் கணக்கு என்றே யோசித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தப் பயம் தோன்றவே இல்லை. அப்புறம் பேசிய ஒவ்வொருவரிடமும், ஊரிலிருக்கும் வீட்டாருக்கும் இதைச் சொல்லி வைக்கும்படி கேட்டுக்கொண்டோம்.

பின்பு நடந்தது

நவம்பர் இரண்டாம் வாரம், இபிஎஃப் பதிவைச் சரிபார்ப்பதாகச் சொல்லிச் சிலருக்கு அழைப்புகள் வந்தன. கடிதம் கிடைத்திருந்த இருவர் அழைப்பைத் துண்டித்துவிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். ஒரு முடிதிருத்தகத்தில் வேலை செய்பவர் டேக் எண்ணைச் சொல்லிவிட்டார். 2,300 ரிங்கிட் போனது. அவருடைய முதலாளி எங்கள் கடிதங்களைக் கல்லாப் பெட்டியில் வைத்திருந்தார், ‘பசங்க பயந்துருவாங்க’ என்று. அந்த அழைப்பு இந்தக் கசிவிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் கடிதம் அவர் கைக்குப் போயிருந்தால் என்ற நினைப்பு அலுவலகத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தத் தொகையை உரிமையாளரே அவருக்குக் கொடுத்தார்.

ஆணையர் தரப்பிலிருந்து கூடுதல் விவரம் கேட்டார்கள். 30 நாளுக்குள் கொடுத்தோம். கசிவின் முழுப் பதிவையும் ஒரு கோப்பாக வைத்திருக்கிறார்கள், குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 4 முதலாளிகள் கணக்கை வேறிடம் மாற்றிக்கொண்டார்கள்.

என்ன மாறியது

ரிமோட் டெஸ்க்டாப் வாசல் மூடப்பட்டது. வெளியிலிருந்து வர விபிஎன் என்ற பாதுகாப்பான தனிவழி, இரண்டாவது சரிபார்ப்பு. விலகுபவரின் கணக்கு கடைசி நாள் மாலையே மூடப்படுகிறது. பேக்கப் இரண்டு, ஒன்று எதிலும் செருகப்படாமல் வங்கிப் பெட்டகத்தில். வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் வாங்குவது நின்றது. கைப்பேசிகளில் இருந்த பழைய நகல்களை ஒவ்வொருவரும் மற்றவர் முன்னிலையில் அழித்தார்கள். தரவுப் பாதுகாப்பு அதிகாரி கட்டாயமாகும் அளவு இவர்களுக்கு இல்லை. சட்டம் கேட்பது 20,000 பேருக்கு மேல், நிதித் தகவல் போன்றவை என்றால் 10,000 பேருக்கு மேல். இருந்தாலும் மூத்த கணக்காளரையே அந்தப் பொறுப்பில் வைத்தார்கள். வேறு யாரை வைப்பது?

சர்வரின் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ‘சந்தேகம் என்றால் கேபிளைக் கழட்டு. ஆஃப் செய்யாதே. ஃபார்மட் செய்யாதே. ரூட்டரைத் தொடாதே. நேரத்தை எழுது.’ கணினி பழுது பார்ப்பவரும் அதன் படத்தைத் தன் கைப்பேசியில் எடுத்துக்கொண்டார். மற்ற வாடிக்கையாளர்களிடமும் அதைக் காட்டுவதாகச் சொன்னார்.

மீண்டும் இப்படி நடந்தால் நான் மாற்றக்கூடியது ஒன்று: கடிதத்தை முதலாளி கையில் கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு தொழிலாளியின் இன்றைய எண்ணையும் சம்பளப் பதிவோடு சேர்த்து, சர்வருக்கு வெளியே, அதற்குரிய பூட்டோடு முன்பே வைத்திருக்கச் சொல்வேன். புதிய ஒப்பந்தத்தில் அந்த விதி இருக்கிறது: கசிவு என்றால் அலுவலகம் 24 மணி நேரத்துக்குள் முதலாளிக்குச் சொல்லும், தொழிலாளிக்கு அலுவலகமே நேரடியாகச் சொல்லும். மிஞ்சிய 39 முதலாளிகளில் 30 பேர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கடிதத்தைக் கல்லாவில் வைத்தவர் முதலில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர். 7 ஆண்டு கடந்த கோப்புகளின் பட்டியல் தயாராகிறது, அழிக்கும் வேலை மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கிறது. இப்போது 2014 வரை வந்திருக்கிறார்கள்.